பக்தபூர்: கைகள் காத்த கலைநகர்

பழமையான நகரம் ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கற்கோட்டைகளும் கருங்கல் மண்டபங்களுமே நம் மனக்கண் முன் முதலில் தோன்றும். கல் நிலைத்து நிற்கும், மரம் உளுத்துப்போகும், மண் கரைந்துபோகும். இது நாம் அனைவரும் அறிந்த உண்மை. ஆயின், இன்று நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் நகரம் பெரும்பாலும் மரத்தினாலும் செங்கல்லினாலும் களிமண் சாந்தினாலும் ஆனது. அஃது அமைந்திருப்பதோ நிலம் அடிக்கடி நடுங்குகின்ற மலைநாடு. அவ்வாறிருந்தும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நகரம் தன் கோயில்களோடும் முற்றவெளிகளோடும் திருவிழாக்களோடும் வாழ்ந்து வருகின்றது. இஃது எங்ஙனம் இயன்றது? இக்கேள்வியை மனத்திற் கொண்டு அந்நகரின் வீதிகளில் சற்று நேரம் உலாவி வருவோம்.

நேபாள நாட்டின் தலைநகராகிய காத்மண்டுவிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 8 மைல் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் 4,600 அடி உயரத்தில் பக்தபூர் அமைந்துள்ளது. பக்தர்கள் வாழும் ஊர் என்பது அப்பெயரின் பொருள். பட்காவ் என்றும் அதனை அழைப்பர். அந்நகரின் பழங்குடிகளாகிய நேவார் மக்கள் தங்கள் மொழியில் அதனைக் க்வோப்பா என்பர். நேவார் மொழி திபெத்திய-பர்மிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் வடமொழிச் சொற்கள் பலவற்றைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. அம்மக்களுள் இந்து சமயத்தவரும் உளர், பௌத்தரும் உளர். ஒரே குடும்பத்தார் சிவனையும் புத்தரையும் வழிபடுவது அங்கே வியப்புக்குரியதன்று. உழவும் வாணிபமும் கைத்தொழிலும் அவர்களுடைய வாழ்வின் மூன்று தூண்கள்.

காத்மண்டுப் பள்ளத்தாக்கில் மூன்று பழைய தலைநகரங்கள் உண்டு. காத்மண்டு, பாட்டன் எனப்படும் லலிதபூர், பக்தபூர் என்பன அவை. இவற்றுள் பக்தபூரை நகராக அமைத்தவர் 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஆனந்த தேவர் என்பது மரபு. அவருக்கு முன்னரே அங்கே சிற்றூர்கள் பல இருந்தன. இந்தியச் சமவெளியிலிருந்து திபெத்துக்குச் செல்லும் வணிகப் பாதை அவ்வூர்களின் ஊடாகச் சென்றது. அப்பாதையே இன்றும் நகரின் நடுவே கிழக்கு மேற்காக வளைந்து செல்லும் பெருவீதியாக உள்ளது. நகரைச் சுற்றி எட்டுத் திசைகளிலும் அட்டமாதர் எனப்படும் தேவியரின் இருப்பிடங்களும், நடுவே திரிபுரசுந்தரியின் இருப்பிடமும் அமைந்துள்ளன. ஆகவே அந்நகரத்தார்க்குத் தம் ஊர் வெறும் குடியிருப்பு அன்று. தேவியர் காவல் புரியும் ஒரு சக்கரம்.

14ஆம் நூற்றாண்டு அந்நகருக்குச் சோதனைக் காலமாக இருந்தது. தெற்கே மிதிலை நாட்டை ஆண்டவர்கள் கர்ணாட மரபினர். அவர்களுடைய முன்னோர் தென்னாட்டுக் கர்ணாடகத்திலிருந்து வடக்கே சென்றவர்கள். துக்ளக் சுல்தானின் படை அவர்களுடைய தலைநகரான சிம்ரவுன்கட்டை அழித்தபோது, அரசர் ஹரிசிம்ம தேவரின் பட்டத்தரசி தேவலதேவி பக்தபூரில் அடைக்கலம் புகுந்தார். அக்குடும்பத்தாரோடு தலேஜு என்னும் தேவியும் அங்கு வந்து சேர்ந்தாள் என்பர். பின்னர் அத்தேவியே மல்ல மன்னர்களின் குலதெய்வமாயினாள். 1349ஆம் ஆண்டில் வங்காளத்துச் சுல்தான் சம்சுதீன் இலியாஸின் படையெடுப்பால் பள்ளத்தாக்கின் கோயில்கள் பல தீக்கிரையாயின. அழிந்தவற்றை மீண்டும் கட்டுதல் என்னும் கடமை அந்நகரத்தார்க்கு அன்றே தொடங்கிவிட்டது.

தேவலதேவி தம் பேத்தி ராஜல்லதேவியை ஜயஸ்திதி மல்லருக்கு மணம் செய்து கொடுத்தார். 1382 முதல் 1395 வரை அரசு செலுத்திய அவர் சமூக ஒழுங்குகளை வகுத்து நாட்டை நிலைப்படுத்தினார். அவருடைய பேரர் யக்ஷ மல்லர் 1428 முதல் 1482 வரை நெடுங்காலம் ஆண்டார். நகரைச் சுற்றி மதிலும் அகழியும் அமைத்துக் காவல் செய்தவர் அவரே. அவர் மறைந்தபின் இராச்சியம் பங்கிடப்பட்டது. காலப்போக்கில் காத்மண்டு, பாட்டன், பக்தபூர் என மூன்று அரசுகள் நிலைத்தன.

ஒரே குலத்து மன்னர்கள் ஒருவருக்கொருவர் அரை நாள் நடைத் தொலைவில் அரியணை அமைத்து ஆண்ட விந்தையை அங்கே காண்கின்றோம். அவர்கள் போர் புரிந்ததும் உண்டு. ஆயினும் அவர்களுடைய போட்டி கோயில் கட்டுவதிலும் சிலை வடிப்பதிலுமே மிகுதியாக வெளிப்பட்டது. ஒருவர் ஒரு கோபுரம் எழுப்பினால், மற்றவர் அதனினும் உயர்ந்த ஒன்றை எழுப்ப முனைவார். திபெத்து வாணிபத்தால் வந்த வருவாய் அதற்குத் துணை செய்தது. திபெத்தில் வழங்கிய வெள்ளி நாணயங்களையும் மல்ல மன்னர்களே அடித்துக் கொடுத்தனர். அந்தப் போட்டியின் பயனாக எழுந்தவையே இன்று நாம் காணச் செல்லும் காட்சிகள்.

பெருவீதியின் கிழக்கு முனையிலிருந்து நம் உலாவைத் தொடங்குவோம். நகரின் மிகப் பழைய பகுதி அதுவே. அங்கே தச்சபால் என்னும் முற்றவெளியில் தத்தாத்திரேயர் கோயில் உள்ளது. யக்ஷ மல்லர் காலத்தில் எழுந்த அக்கோயில் முழுவதும் ஒரே மரத்திலிருந்து அறுத்தெடுத்த மரங்களால் ஆனது என்று அவ்வூரார் சொல்வர். வாயிலின் இருபுறமும் மல்லர் இருவர் சிலையாக நின்று காவல் புரிகின்றனர். எதிரே உயர்ந்த கற்றூண் ஒன்றின்மீது கருடன் மண்டியிட்டு வணங்குகின்றான்.

கோயிலின் அருகே பூஜாரி மடம் என்னும் பழைய துறவியர் மடம் உள்ளது. அதன் பக்கத்துச் சந்து மிக ஒடுக்கமானது. இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஆயினும் உலகெங்கிலுமிருந்து வரும் பயணிகள் அச்சந்தினுள் நுழைந்து தலையை உயர்த்தி நிற்கின்றனர். அவர்கள் பார்ப்பது ஒரு சாளரத்தை. தோகை விரித்த மயில் ஒன்று அதன் நடுவே மரத்திற் செதுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பீலியும் தனித்தனியே குடைந்தெடுக்கப்பட்டிருப்பதால், உள்ளிருப்போருக்குக் காற்றும் ஒளியும் கிடைக்கும். வெளியே நிற்போருக்கு உள்ளே இருப்பவர் தெரியார். பயனும் அழகும் ஒரே பலகையில் இணைந்த அரும்பொருள் அது. அரண்மனையின் முகப்பில் அன்றி, ஒரு சந்தின் சுவரில் அதனை வைத்தார்கள் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். அழகு அரசனுக்கு மட்டும் உரியதன்று என்று அந்நகரத்துத் தச்சர் எண்ணினார் போலும்.

அங்கிருந்து வீதி மேற்கு நோக்கிச் சரிந்து செல்கின்றது. இருமருங்கும் செங்கல் வீடுகள், செதுக்கிய சாளரங்கள், வெயிலில் உலரும் நெல், படிகளில் இறங்கி நீர் முகக்கும் கல்வாய்த் துறைகள். இவற்றைக் கடந்து சென்றால் தௌமடி என்னும் முற்றவெளியை அடைகின்றோம். அங்கே வானளாவி நிற்பது ஞாதபோல கோயில்.

ஞாதபோல என்றால் ஐந்தடுக்கு என்று பொருள். இங்கே நான் கோபுரம் எனக் குறிப்பிடுவது நாம் அறிந்த கல்விமானம் அன்று. சதுரமான கருவறையின் மேல் ஓடு வேய்ந்த சரிவுக் கூரைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே செல்லும்; உச்சியில் பொற்கலசம் விளங்கும். ஒவ்வொரு கூரையையும் சாய்வான மரத்தாங்கிகள் ஏந்தி நிற்கும். அத்தாங்கிகளில் தெய்வ உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கும். ஞாதபோல அத்தகைய கோயில்களுள் பள்ளத்தாக்கிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அதன் உயரம் ஏறக்குறைய 100 அடி.

1702ஆம் ஆண்டில் பூபதீந்திர மல்லர் இதனை எழுப்பினார். ஐந்து மேடைகளின் நடுவே செல்லும் படிக்கட்டின் இருபுறமும் காவலர் இணைகள் அமர்ந்துள்ளன. கீழே ஜயமல், பத்தா என்னும் இரு மல்லர்கள். அவர்கள் சாதாரண மனிதரைவிடப் பத்து மடங்கு வலியவர் என்பர். அவர்களினும் பத்து மடங்கு வலியன அடுத்த படியிலுள்ள யானைகள். அவற்றினும் வலியன சிங்கங்கள். அவற்றினும் வலியன யாளியனைய விலங்குகள். அவற்றினும் வலியர் வியாக்கினி, சிம்மினி என்னும் தேவியர். அனைவரினும் வலியவள் கருவறையில் உறையும் சித்திலட்சுமி. அவளைப் பூசகர் அன்றிப் பிறர் காணுதல் இல்லை.

இத்துணைப் பெரிய கோயில் ஏன் எழுந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. அதே முற்றவெளியில் பைரவநாதர் கோயில் உள்ளது. பைரவரின் சினத்தால் நாட்டில் பல துன்பங்கள் நேர்ந்தனவாம். அச்சினத்தைத் தணிக்க, அவரினும் வலிமை மிக்க தேவியை அவர் கண்முன்னே எழுந்தருளச் செய்தார் மன்னர். கட்டுமானம் தொடங்கியபோது பூபதீந்திரர் தம் தோளில் மூன்று செங்கற்களைச் சுமந்து வந்து வைத்தாராம். அதனைக் கண்ட குடிமக்கள், ஐந்தே நாட்களில் வேண்டிய பொருள் அனைத்தையும் கொண்டுவந்து குவித்தனராம். இது கர்ண பரம்பரைக் கதையே. ஆயினும் அந்நகரத்தார் இக்கதையை இன்றும் விருப்பத்தோடு சொல்கின்றனர் என்பதில் ஒரு பொருள் உண்டு. கோயில் மன்னன் பெயரால் எழுந்தது. ஆனால் ஊரார் கைகளால் எழுந்தது என்பதே அப்பொருள்.

பைரவநாதர் கோயிலைப் பற்றியும் ஒரு சொல். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜகஜ்ஜோதி மல்லர் காலத்தில் சிறிய கோயிலாக இருந்த அதனை, 1717ஆம் ஆண்டில் பூபதீந்திரர் மூன்றடுக்காக உயர்த்தினார். இத்தனை பெரிய கட்டடத்தில் வழிபடப்படும் மூர்த்தியோ ஏறக்குறைய ஓரடி உயரமுள்ள தலை மட்டுமே. காசி விசுவநாதர் மாறுவேடத்தில் திருவிழாப் பார்க்க வந்தார் என்றும், அவரை அடையாளம் கண்ட மந்திரவாதி ஒருவன் அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள முயன்றபோது தலை மட்டும் நகரிலே தங்கிவிட்டது என்றும் அதற்குக் காரணம் கூறுவர்.

அந்தத் திருவிழா பிஸ்கா ஜாத்திரை எனப்படும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நிகழும் அவ்விழாவில் பைரவரின் தேர் தௌமடியில் நிறுத்தப்படும். கிழக்கு மேட்டு நகரத்தார் ஒரு புறமும், மேற்குத் தாழ்நகரத்தார் மறு புறமும் வடம் பற்றித் தத்தம் பகுதிக்குத் தேரை இழுப்பர். நகரின் தெற்கே ஹனுமந்தே ஆற்றின் அருகில் நெடிய மரக்கம்பம் ஒன்றைப் பழைய ஆண்டின் இறுதி நாளில் நாட்டுவர். புத்தாண்டு நாளில் அதனைச் சாய்ப்பர். கம்பம் சாயும்போதே ஆண்டு பிறக்கின்றது. கம்பத்தில் தொங்கும் இரு கொடிகள், அரசகுமாரி ஒருத்தியின் கணவரைக் கொன்றுவந்த இரண்டு நாகங்களைக் குறிக்கும் என்பது கதை. இத்தேரின் பகுதிகளைக் கழற்றி வைத்து, ஆண்டுதோறும் புதிதாகப் பூட்டுகின்றனர். அதற்கென உரிமையும் கடமையும் உடைய தச்சர் குடும்பங்கள் உள.

தௌமடியிலிருந்து சில நிமிட நடையில் அரண்மனை முற்றவெளியை அடையலாம். மேற்கு வாயிலில் பதினெட்டுக் கைகளையுடைய உக்கிரசண்டியும், அவளுக்குத் துணையாகப் பைரவரும் கல்லிலே நிற்கின்றனர். இச்சிலைகளை வடித்த சிற்பி வேறெங்கும் இவை போன்றவற்றைச் செய்துவிடக் கூடாது என்பதற்காக அவன் கைகளை மன்னர் வெட்டச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. வேறு பல நாடுகளிலும் இவ்வாறான கதைகள் உண்டு. அவற்றை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் முறையன்று. எனினும் செங்கல் சுமந்த மன்னரும் கைகளை வெட்டிய மன்னரும் ஒருவரே எனக் கதைகள் கூறும்போது, ஊராரின் நினைவில் பெருமையும் வேதனையும் அருகருகே இருந்தன என்பதை உணர்கின்றோம்.

முற்றவெளியின் வடபால் ஐம்பத்தைந்து சாளர அரண்மனை விளங்குகின்றது. யக்ஷ மல்லர் காலத்தில் தொடங்கியது எனப்படும் அவ்வரண்மனை, பூபதீந்திரர் காலத்தில் இப்போதைய பொலிவைப் பெற்றது. மேல்மாடத்தில் வரிசையாக அமைந்த செதுக்குச் சாளரங்களே அதற்குப் பெயர் தந்தவை. அதன் பக்கத்தில், பொன் முலாம் பூசிய செப்பு வாயில் ஒன்று ஒளிவீசுகின்றது. பூபதீந்திரரின் மைந்தர் ரணஜித் மல்லர் 1754ஆம் ஆண்டில் அமைத்தது அது. மேலே நாகங்களைப் பற்றிய கருடனும், அவனுக்குக் கீழே தேவியும், பக்கங்களில் பல தெய்வங்களும் செப்பிலே உயிர் பெற்றுள்ளன. அவ்வாயில் வழியே சென்றால் தலேஜு தேவியின் முற்றத்தை அடையலாம். எதிரே உயர்ந்த கற்றூணின் மீது பூபதீந்திரர் கைகூப்பி அமர்ந்திருக்கின்றார். தேவியின் முன்னே வணங்குவோனாக மட்டுமே காட்சி தரும் மன்னர் அவர்.

முற்றவெளியில் பெரிய மணி ஒன்றும் தொங்குகின்றது. 1737ஆம் ஆண்டில் ரணஜித் மல்லர் தலேஜுவின் வழிபாட்டுக்காக அளித்தது அது. யக்ஷ மல்லர் காலத்துக் கோயில் எனப்படும் யக்ஷேசுவரரும் அங்கேயே எழுந்தருளியுள்ளார். காத்மண்டுப் பசுபதிநாதரைத் தம் மக்கள் தம் நகரிலேயே வணங்கும் பொருட்டு அமைத்த கோயில் அது.

பொன்வாயில் அமைந்து பதினைந்தே ஆண்டுகளில் அவ்வரசு மறைந்தது. மேற்கே கூர்க்கா நாட்டை ஆண்ட பிருதுவி நாராயண ஷா இளமையில் பக்தபூர் அரண்மனையில் விருந்தினராகத் தங்கியவர். ரணஜித் மல்லரின் மைந்தரோடு நட்புறவு பூண்டவர். 1768ஆம் ஆண்டில் இந்திர ஜாத்திரை நாளில் காத்மண்டுவைக் கைப்பற்றினார். தொடர்ந்து பாட்டனும் வீழ்ந்தது. காத்மண்டு அரசர் ஜயப்பிரகாச மல்லரும், பாட்டன் அரசர் தேஜ நரசிம்மரும் பக்தபூரில் அடைக்கலம் புகுந்தனர். ஒருவரோடொருவர் போட்டியிட்டே காலம் கழித்த மூன்று அரசர்களும் ஒரே கூரையின் கீழ் ஒன்றுகூடிய நேரம் அதுதான். ஆனால் அது மிகவும் பிந்திய நேரம். 1769இல் பக்தபூர் வீழ்ந்தது. காயமுற்ற ஜயப்பிரகாசர் பசுபதிநாதர் கோயில் ஆற்றங்கரையில் உயிர் நீத்தார். தேஜ நரசிம்மர் சிறையில் மாண்டார். முதியவராகிய ரணஜித் மல்லர் காசிக்குச் செல்ல விடை பெற்றார்.

மன்னர் சென்றார், நகரம் என்னாயிற்று? தலைநகர் என்னும் பெருமை காத்மண்டுவுக்குப் போயிற்று. பக்தபூர் உழவர்களும் கைத்தொழிலாளரும் வாழும் ஊராக ஒதுங்கியது. அவ்வாறு ஒதுங்கியதே அதன் பழைய வடிவைக் காத்தது எனலாம். புதிய மாளிகைகள் அங்கே எழவில்லை. ஆதலால் பழைய வீடுகள் இடிக்கப்படவுமில்லை.

கோயில்களைப் பேணியது யார் என்னும் வினாவுக்கு விடை, குத்தி என்னும் அமைப்பில் உள்ளது. குத்தி என்பது நேவார் மக்களின் அறக்கூட்டம். கோயிலுக்கோ விழாவுக்கோ நிலம் எழுதிவைப்பர். அந்நிலத்தின் விளைவைக் கொண்டு, அதற்குரிய குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக விளக்கேற்றுவர், கூரையிற் புல் களைவர், ஓடு மாற்றுவர், தேர் பூட்டுவர், இறந்தோரைச் சுமந்து செல்வர். மழைக்காலத்துக்குப் பின் கூரையில் முளைக்கும் ஒரு செடியைப் பிடுங்காமல் விட்டால், சில ஆண்டுகளில் அதன் வேர் ஓட்டைப் பிளக்கும், நீர் இறங்கும், மரம் உளுக்கும், கோயில் சாயும். ஆகவே அந்நாட்டில் கோயிலைக் காப்பது பெரும் படையன்று. ஆண்டுதோறும் கூரை ஏறும் ஓர் எளிய மனிதனே. 1964இல் அரசு குத்திக் கூட்டுத்தாபனம் ஒன்றை நிறுவிக் குத்தி நிலங்கள் பலவற்றை அதன்கீழ்க் கொண்டு வந்தது. 2019இல் குத்திகள் பற்றிய புதிய சட்டமூலம் ஒன்று வந்தபோது, நேவார் மக்கள் பல்லாயிரவராகக் காத்மண்டு வீதிகளில் திரண்டனர். அரசு அதனை மீளப் பெற்றுக்கொண்டது.

இனி, நிலம் நடுங்கிய நாட்களுக்கு வருவோம். 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி பிற்பகலில் ஏற்பட்ட பெரும் பூகம்பம் நேபாளத்தில் மட்டும் 8,500 பேருக்கு மேல் பலிகொண்டது. பக்தபூர் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஊர்களுள் ஒன்று. பைரவநாதர் கோயில் சரிந்தது. பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. அரண்மனை முற்றவெளியில் இருந்த கோயில்கள் பல மறைந்தன. அங்கே இன்று காணப்படும் அகன்ற வெளி அழகுக்காக விடப்பட்டதன்று. கோயில்கள் இருந்து அழிந்த இடம் அது. ஞாதபோலவோ வீழாது நின்றது. அகன்று ஆழ்ந்த அடித்தளம், மேலே செல்லச் செல்லச் சிறுக்கும் அடுக்குகள், முளைகளால் பொருத்தப்பட்டு அசைவுக்கு இடங்கொடுக்கும் மரச்சட்டங்கள் ஆகியவையே அதனைக் காத்தன என்பர் அறிந்தோர்.

அந்த அழிவுக்குப் பின் நிகழ்ந்த இரண்டு திருப்பணிகள் நம் சிந்தனைக்கு உரியன. முதலாவது, அரண்மனை முற்றவெளியின் கிழக்கிலுள்ள பாசிதேக என்னும் சிவன் கோயில். 1934இல் வீழ்ந்த அதனைப் பழைய வடிவிற் கட்டாது, வெண்சாந்து பூசிய குவிமாடமாக எளிதிற் கட்டி முடித்தனர். இரண்டாவது, எட்டு மூலை கொண்ட சியாசிலின் மண்டபம். அதுவும் 1934இல் அடியோடு வீழ்ந்தது; அரை நூற்றாண்டுக்கு மேல் வெறும் மேடையாகவே கிடந்தது. 1987இல் ஜேர்மன் அரசுத் தலைவர் ஹெல்முட் கோல் வருகை தந்ததை ஒட்டி அதனை மீண்டும் எழுப்பும் வாய்ப்பு வந்தது. பழைய நிழற்படங்களும் சித்திரங்களும் தேடப்பட்டன. ஊரிலே சிதறிக் கிடந்த பழைய தூண்கள் சில கண்டெடுக்கப்பட்டன. நேவார் தச்சரே புதியனவற்றைச் செதுக்கினர். பூகம்பத்தைத் தாங்கும் பொருட்டு உள்ளே இரும்புச் சட்டம் பொருத்தப்பட்டது. பழைய மண்டபத்தில் இரும்பு வைக்கலாமா என்று கேட்டோரும் உண்டு. 1990இல் மண்டபம் எழுந்தது. அதற்கு முன்னரே, 1971-72இல் பூஜாரி மடமும், 1974இலிருந்து நகரின் வேறு பல கட்டடங்களும் ஜேர்மன் உதவியோடு திருத்தப்பட்டன. 1979இல் பள்ளத்தாக்கின் ஏனைய பெருஞ்சின்னங்களோடு பக்தபூர் அரண்மனை முற்றவெளியும் உலக மரபுச் செல்வமாக யுனெஸ்கோவினால் ஏற்கப்பட்டது.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆந் திகதி, நண்பகலுக்குச் சற்று முன்னர், நிலம் மீண்டும் நடுங்கியது. நேபாளம் முழுவதிலும் ஏறக்குறைய 9,000 பேர் மாண்டனர். பக்தபூர் மாவட்டத்தில் மட்டும் 300க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோயில்களினும் வீடுகளே மிகுதியாக வீழ்ந்தன. களிமண் சாந்தினாற் கட்டி, காலத்துக்குக் காலம் திருத்தப்படாதிருந்த வீடுகள் தெருத்தெருவாகச் சரிந்தன. முற்றவெளியில் இருந்த அழகிய கற்கோயிலாகிய வத்சலா தேவி கோயில் நொறுங்கியது. அவசரத்திற் கட்டிய பாசிதேகவின் குவிமாடமும் சரிந்தது. ஐந்தடுக்கு ஞாதபோல நின்றது. மேலடுக்கில் ஏற்பட்ட சேதம் பின்னர் திருத்தப்பட்டது. எட்டு மூலைச் சியாசிலின் மண்டபமும் அசையாது நின்றது. எண்பத்தொரு ஆண்டுகள் கழித்து நிலமே வந்து அந்த இரண்டு திருப்பணிகளுக்கும் தீர்ப்புக் கூறிற்று.

அதன்பின் நகரத்தார் ஒரு முடிவெடுத்தனர். கோயில்களைக் குறைந்த விலை கூறும் ஒப்பந்தக்காரரிடம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு கோயிலுக்கும் அக்கம் பக்கத்தாரே ஒரு குழு அமைப்பது. நகரசபை பணம் தருவது. உள்ளூர்த் தச்சரும் கொத்தரும் வேலை செய்வது என்பதே அம்முடிவு. வெளிநாட்டுப் பயணிகளிடம் பெறும் நுழைவுக் கட்டணம் இதற்குப் பெரிதும் உதவியது. வயதான தச்சர் கை காட்ட இளைஞர் உளி பிடித்தனர். பெண்கள் செங்கல் சுமந்தனர். வத்சலா தேவி கோயில் மீண்டும் எழுந்தது. பாசிதேகவும் தன் பழைய வடிவைத் திரும்பப் பெற்றது.

நம் உலாவின் இறுதியாகக் குயவர் முற்றவெளிக்குச் செல்வோம். கரிய களிமண் சக்கரத்தில் சுழல்கின்றது. நூற்றுக்கணக்கான கலயங்கள் தரையில் வரிசையாக உலர்கின்றன. வைக்கோலும் சாம்பலும் மூடிய சூளை மெல்லப் புகைகின்றது. அங்குள்ள மூத்த கணேசர் கோயிலில் பூசகரும் குயவரே. அவர்கள் வனையும் சட்டிகளில் உறைவதே, அந்நகருக்குப் பெயர் தேடித்தந்த ஜுஜு தவ் என்னும் தயிர். தயிர்களின் அரசன் என்று அதற்குப் பொருள். பூகம்பத்தில் உடைந்த சட்டிகளுக்குக் கணக்கில்லை. மறுநாளைக்கு வேண்டிய சட்டிக்கு மண் பிசைந்த கைகளுக்கும் கணக்கில்லை.

இன்னொன்றும் அந்நகரில் உண்டு. நவதுர்க்கைக் கூத்தர் அணியும் முகங்களைச் சித்திரகார் குலத்தார் ஆண்டுதோறும் களிமண்ணால் புதிதாகச் செய்வர். தசமி விழாவின்போது அவற்றுக்கு உயிரூட்டுவர். ஏறக்குறைய ஒன்பது மாத காலம் அம்முகங்களை அணிந்து கூத்தர் ஊர் ஊராகச் சென்று ஆடுவர். மழைக்காலம் வந்ததும் தேவியர் இறந்தனர் எனக் கருதி அம்முகங்களை எரித்துவிடுவர். அடுத்த ஆண்டு அதே முகங்கள் புதிய களிமண்ணில் மீண்டும் பிறக்கும். எரிக்கின்றவர் எவரும் அழுவதில்லை; ஏனெனில் முகத்தைச் செய்யும் கை இருக்கின்றது என்பதை அவர்கள் அறிவர்.

நேயர்களே, தொடக்கத்தில் நாம் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. பக்தபூரின் பழமை அதன் மரத்தில் இல்லை; அதன் செங்கல்லிலும் இல்லை. இன்று நாம் அங்கு காணும் மரங்கள் பல நூறாண்டு காணாதவை. செங்கற்களுட் சில நேற்றுச் சூளையிலிருந்து வந்தவை. மாறாமல் வந்தது, ஒரு தூணை எப்படிச் செதுக்குவது, ஒரு கூரையை எப்படிப் பொருத்துவது, யார் எப்போது வடம் பிடிப்பது என்னும் அறிவும் ஒழுங்குமே. மன்னர்கள் மறைந்த பின்னும் அவ்வறிவு நின்றது. நிலம் பலமுறை நடுங்கியும் அது நின்றது. ஆனால் அதற்கும் ஒரு பகையுண்டு. உளி பிடிக்கும் இளைஞன் வேறு தொழில் தேடி வெளிநாடு சென்றுவிட்டால், கூரையிற் புல் பிடுங்குவோர் இல்லாமற் போனால், எந்தப் பூகம்பமும் இல்லாமலே அந்நகரம் மெல்லச் சரியும். நேபாளத்து இளைஞர் பெருந்தொகையினராக வேலை தேடிக் கடல் கடந்து செல்லும் இக்காலத்தில் இஃது ஒரு வெறும் கற்பனை அன்று.

கோயிலைக் காக்க விரும்புவோர் முதலிற் காக்க வேண்டியது கோயில் கட்டும் கையையே. பூபதீந்திர மல்லர் இன்றும் தம் கற்றூணின் மேல் கைகூப்பி அமர்ந்திருக்கின்றார். அவர் வணங்குவது தேவியை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் பார்வை செல்லும் திசையில் உளியோசை கேட்கும் நாட்களில், அந்தக் கூப்பிய கைகள் தம் நகரத்துத் தச்சரையும் வணங்குகின்றன என்று நாம் கொண்டால் தவறாகாது.